மூவாக் டேப்: அளந்து அளந்து பழகியவளின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெட்டியைத் திறந்து வீடியோ எடுத்துப் போடுகிற மாதிரியான பொருள் இல்லை. ஒன்றரைச் சாண் நீளம், விரல் அகலம், சட்டெனக் கிழியாத தாள் போன்ற பிளாஸ்டிக், சிவப்பு மஞ்சள் பச்சை என்று மூன்று நிறம், ஒரு முனையில் நாடாவை நுழைக்க ஒரு பிளவு, அதன் பக்கத்திலேயே அளவைப் படிக்க ஒரு குட்டி ஜன்னல். அவ்வளவுதான். ஆறு மாதம் நிறைந்து ஐந்து வயது நிறையாத குழந்தையின் மேற்கையில் இதைச் சுற்றினால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். 'மேற்கை நடுச் சுற்றளவு நாடா' என்று யாரும் முழுப்பெயர் வைத்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் (MUAC) சேர்த்து மூவாக் டேப், இல்லையென்றால் வெறும் டேப்.

நான் நர்ஸ். குழந்தைகளை எடை போட்டு, நீளம் அளந்து, கை சுற்றி, காலை அமுக்கிப் பார்த்தே பல வருடம் போயிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அதான் எடை மெஷின் இருக்கே, அப்புறம் இந்த ரிப்பன் எதுக்கு?" அவர்களுக்குப் பத்துத் தடவை வாயால் சொன்னதை ஒரு தடவை எழுதிவிடலாம் என்றுதான் இது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு மெஷினும் வேண்டாம் டேப்பும் வேண்டாம், "பார்த்தாலே தெரியாதா" கூட்டம். தெரியாது. ஒரு காலத்தில் பயிற்சிப் பாடத்திலேயே 'கண்ணுக்குத் தெரியும் கடும் மெலிவு' என்று ஒன்று இருந்தது. சட்டையைக் கழற்று, விலா எலும்பு எண்ணும்படி இருக்கிறதா, தோள் ஒடுங்கிவிட்டதா, புட்டத்துத் தோல் தொளதொளவென்று மடிந்து தொங்குகிறதா என்று பார். சரிதான், அப்படி இருந்தால் கடும் குறைபாடுதான். ஆனால் அந்த நிலைக்கு வரும் முன்பே பிடித்திருக்க வேண்டிய குழந்தை அது. கன்னக் கொழுப்பு கடைசியில்தான் கரையும், அதனால் முகம் நம்மை நன்றாக ஏமாற்றும். ஒரு வயதுப் பெண் குழந்தை, முழுக்கைச் சட்டை, மையிட்ட கண், உருண்டைக் கன்னம், அம்மா இடுப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வரிசை நீளமாக இருந்ததால் இதை அளக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சட்டையின் கையை மேலே ஏற்றினால் துணிக்குள்ளே குச்சி மாதிரி ஒரு கை. டேப்பில் 112 மில்லிமீட்டர், சிவப்பு. அன்றிலிருந்து சிரிக்கிற குழந்தையைத்தான் முதலில் அளக்கிறேன்.

சரி, எடை மெஷின் கதைக்கு வருவோம். எடையை மட்டும் வைத்துக் கடும் மெலிவைச் சொல்ல முடியாது. வயதுக்கு எடை குறைவு என்றால் குழந்தை மெலிந்திருக்கலாம், அல்லது குட்டையாக இருக்கலாம், அல்லது இரண்டுமாக இருக்கலாம். வளர்ச்சி அட்டையில் புள்ளி கீழே விழும், எதனால் விழுந்தது என்று அட்டை சொல்லாது. அதனால் எடையை உயரத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கு இரண்டு கருவி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், ஓர் அட்டவணை வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், இதெல்லாவற்றையும் விட, அழாத ஒரு குழந்தை வேண்டும்.

தொங்கு தராசில் அளந்தவர்களுக்குத் தெரியும். 25 கிலோ வரை காட்டும், 100 கிராமுக்கு ஒரு கோடு. குழந்தையை அந்தத் துணிக் காற்சட்டையில் இறக்கித் தொங்கவிட்டதும் அது கால்களை உதைக்கும், முள் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆட்டம் போடும். எல்லோரும் கத்துவார்கள். யாரோ ஒருவர் "எட்டு" என்பார், எட்டு என்றே எழுதிவிடுவோம். டிஜிட்டல் தராசு எவ்வளவோ மேல், அதிலும் அம்மாவை நிற்கவைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தால் குழந்தையின் எடையை மட்டும் காட்டும் வகை எனக்குப் பிடிக்கும். அழுகை பாதியாகக் குறையும். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும், பேட்டரி இருக்க வேண்டும், தினமும் காலையில் எடை தெரிந்த ஒரு கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதில் எத்தனை நடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீளம் அளக்கும் பலகைதான் உண்மையான தலைவலி. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. வயது தெரியவில்லை என்றால் 87 சென்டிமீட்டரைக் கோடாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தலையைப் பிடித்துப் பலகையின் நிலையான முனையில் ஒட்டவைக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி, பாதத்தில் நகரும் கட்டையைக் கொண்டுவந்து முட்டவைத்து, ஒரு மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்ததும் எந்தக் குழந்தையும் ஊசி போடப்போகிறார்கள் என்றுதான் நினைக்கும். முதுகை வில்லாக வளைக்கும். இதில் இன்னொரு நுணுக்கம்: படுத்து அளந்தால் நின்று அளப்பதைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும், ஆகவே நிற்க வேண்டிய குழந்தையைப் படுக்கவைத்து அளந்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும், படுக்க வேண்டியதை நிற்கவைத்திருந்தால் கூட்ட வேண்டும். பயிற்சி முடித்து ஒரு மாதத்தில் பாதிப் பேர் மறந்துவிடுகிற விஷயம் இது.

இதெல்லாம் முடிந்து அட்டவணைக்கு வந்தால், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. 70 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண் குழந்தைக்கு நடுமதிப்பு எடை 8.4 கிலோ, 'மைனஸ் மூன்று' கோடு (நடுமதிப்பிலிருந்து மூன்று திட்டவிலக்கம் கீழே) 6.6 கிலோ, அதற்குக் கீழே போனால் கடும் குறைபாடு. குழந்தை முதுகை வளைத்ததால் ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் படித்தீர்கள் என்றால் அந்தக் கோடு சுமார் 200 கிராம் நகர்ந்துவிடும். தராசில் முள் ஆடியது வேறு. இரண்டு தப்பும் ஒரே பக்கம் சாய்ந்தால் சிகிச்சைக்குப் போக வேண்டிய குழந்தை வீட்டுக்குப் போகும்.

அட்டவணையைக் குறை சொல்லவில்லை. 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சித் தரம் அது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து செய்தது. அதற்கு முன் அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளை வைத்து 1977-இல் போட்ட அட்டவணையைத்தான் உலகம் முழுக்க வைத்திருந்தார்கள். புதியது எவ்வளவோ நேர்மையானது. பிரச்சினை அட்டவணையில் இல்லை, அதற்குள் நாம் கொண்டுபோய்ப் போடுகிற எண்களில்.

இப்போது டேப். ஒரு கருவி, ஓர் ஆள், ஓர் எண். 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு: கடும் குறைபாடு. 115 முதல் 125-ஐத் தொடும் வரை மஞ்சள்: மிதமான குறைபாடு. 125-உம் அதற்கு மேலும் பச்சை. ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை எல்லோருக்கும் ஒரே கோடு. ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் குழந்தை ஒன்றரைச் சாண் உயர்ந்தாலும் கை சுற்றளவு அந்த வேகத்தில் பெருப்பதில்லை, அதனால்தான் இப்படி ஒரே கோட்டை வைத்து ஓட்ட முடிகிறது.

அளக்கும் விதம்: இடது கை என்பது வழக்கம். முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கையைத் தொங்கவிட வேண்டும். இதைத்தான் மறப்பார்கள், மடக்கிய கையிலேயே சுற்றிவிடுவார்கள், தசை இறுகி அளவு கூடும். டேப்பைப் பிளவில் நுழைத்து இழுத்து, தோலோடு படியும்படி, ஆனால் தோல் மடியாதபடி வைத்து, ஜன்னலில் அம்புக்குறிக்கு நேரே தெரியும் எண்ணைப் படிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. டேப்புக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் தொளதொள, டேப்பின் இரு ஓரத்திலும் சதை பிதுங்கினால் இறுக்கம். நான் புதியவர்களை முதலில் ஒரு பிளாஸ்டிக் குழாயில் பழகவிடுவேன், குழாயின் சுற்றளவு எப்போதும் மாறாது என்பதால் யார் இழுக்கிறார்கள் யார் தளரவிடுகிறார்கள் என்று உடனே தெரியும். அப்புறம் குழந்தையிடம். குழாய் அழாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வேகம், எளிமை எல்லாம் சரி. ஆனால் நான் இந்த டேப்பை விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்குக் காரணம் அது இல்லை. எந்தக் குழந்தை சாகும் வாய்ப்பு அதிகம் என்ற கேள்விக்கு எடை-உயரத்தைவிடக் கைச்சுற்றளவு நன்றாகப் பதில் சொல்கிறது. பல நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. காரணம் கையிலேயே இருக்கிறது. மேற்கையில் இருப்பது தோல், கொழுப்பு, தசை, ஓர் எலும்பு. பட்டினியிலும் நோயிலும் உடம்பு எடுத்துச் செலவழிக்கிற சேமிப்பு அந்தக் கொழுப்பும் தசையும்தான், அந்தச் சேமிப்பு எவ்வளவு மிச்சம் என்பதைத்தான் டேப் அளக்கிறது. எடையில் தண்ணீரும் சேரும், வயிற்றுக்குள் இருப்பதும் சேரும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையின் எடை ஒரே நாளில் சரிந்துவிடும், நீர் ஏற்றினால் மறுநாள் ஏறிவிடும். கை அவ்வளவு ஆடுவதில்லை. கால் நீண்ட உடல்வாகு உள்ள குழந்தைகளை எடை-உயரக் கணக்கு நிஜத்தைவிட மெலிந்ததாகக் காட்டும், அந்தக் குளறுபடியும் கையில் இல்லை. அதுபோக டேப் வயதில் சின்னக் குழந்தைகளையும் குட்டையான குழந்தைகளையும் அதிகமாகப் பிடிக்கும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சாவு அதிகம் தேடிப் போவது அந்தச் சின்னக் குழந்தைகளைத்தான் என்பதால் நான் இதைக் குறையாக எண்ணவில்லை.

ஒரு சின்னக் கிளைக்கதை. இந்த யோசனை புதிதில்லை. 1960களின் கடைசியில் நைஜீரியாவில் நடந்த பயாஃப்ரா போரின்போது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நிவாரணக் குழுவினர் ஒரு கோலில் உயரத்துக்கு ஏற்ற கைச்சுற்றளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, குழந்தையின் கையை அளந்துவிட்டு அந்தக் கோலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். 1970களில் ஷாகிர் என்ற மருத்துவர் பாக்தாத்தில் நிற நாடாவைக் கொண்டுவந்தார், அவர் பெயரிலேயே ஷாகிர் நாடா என்று ரொம்ப நாள் அழைத்தார்கள். பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி அதைச் செய்வார்கள். அதில் கோடுகள் 12.5, 13.5 சென்டிமீட்டர். இன்றைக்கு இருக்கிற கோடுகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு தாராளம் என்று தெரியும்.

இனி குறைகள். முதல் குறை பெரியது, நான் அனுபவத்தில் கற்றது. இரண்டு வயதுப் பையன், டேப்பில் 128, பச்சை. எடையும் மோசமில்லை. "போன வாரத்தைவிட இப்ப நல்லா இருக்கான் சிஸ்டர், காலெல்லாம் கொழுகொழுன்னு ஆயிடுச்சு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு அந்தக் 'கொழுகொழு' உறுத்தியது. இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அமுக்கி எடுத்தேன். இரண்டிலும் பள்ளம் அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்தது போல. பையன் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை, தொட்டாலே சிணுங்கினான், காதோரத்தில் தலைமுடி நிறம் மங்கி இருந்தது. இது குவாஷியோர்கர், உடம்பு வீங்கிக் காட்டும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. 1930களில் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதை எழுதி, அங்குள்ள கா மொழியில் மக்கள் சொன்ன பெயரையே வைத்தார். அடுத்த பிள்ளை வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்ற பொருளில். இரண்டு பாதத்திலும் அமுக்கினால் குழி விழும் வீக்கம் இருந்தால், அதற்கு வேறு நோய் காரணம் இல்லையென்றால், டேப் என்ன நிறம் காட்டினாலும் அது கடும் குறைபாடுதான். வீக்கம் பாதத்தோடு நின்றால் ஒரு கூட்டல் குறி, கீழ்க்காலும் கையும் வரை வந்தால் இரண்டு, முகம் உட்பட எங்கும் பரவினால் மூன்று. மூன்று என்றால் நேரே மருத்துவமனைப் படுக்கை. ஆக, டேப்பை வாங்கினால் கூடவே கட்டைவிரலையும் கொண்டுபோங்கள். ஒரு காலில் மட்டும் குழி விழுந்தால் அது இந்தக் கணக்கில் சேராது, அடியோ சீழோ என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குறை, டேப்பும் அட்டவணையும் ஒரே குழந்தைகளைப் பிடிப்பதில்லை. இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். ஒரே இடத்தில் கடும் குறைபாடுள்ள நூறு குழந்தைகளை இரண்டு வழியிலும் தேடினால், இரண்டிலும் மாட்டுபவர்கள் பல இடங்களில் பாதிக்கும் குறைவு. மற்றவர்களில் சிலரை டேப் மட்டும் பிடிக்கும், சிலரை எடை-உயரம் மட்டும். டேப்பில் பச்சை காட்டி எடை-உயரத்தில் மைனஸ் மூன்றுக்குக் கீழே போன குழந்தைக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் இரண்டில் எது காட்டினாலும், அல்லது வீக்கம் இருந்தாலும் கடும் குறைபாடு என்று வைத்திருக்கிறார்கள். தெருவில், வீட்டு வாசலில், முகாம் வரிசையில் டேப்; மருத்துவமனையில் தராசும் பலகையும் இருக்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள். டேப் இருக்கிறது என்று தராசை மூட்டை கட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், இவ்வளவு புகழ்ந்து எழுதுகிற நானே சொல்கிறேன்.

மூன்றாவது, ஆறு மாதத்துக்குக் கீழே இந்த நிறங்கள் செல்லாது. பிறந்து நாலு மாதமான குழந்தையின் கையில் சுற்றிச் சிவப்பைப் பார்த்துவிட்டு அம்மாவை அழவைத்தவர்களை எனக்குத் தெரியும். 2023-இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குழந்தைகளுக்கும் கைச்சுற்றளவைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அங்கே கோடு 110, அதோடு எடை ஏறுகிறதா, பால் சரியாகக் குடிக்கிறதா, அம்மாவின் நிலை என்ன என்று பலதையும் பார்க்க வேண்டும். வயது தெரியவில்லை என்றால் நீளம் 65 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகமுள்ள இடத்தில் அந்த வழக்கம் ஏழெட்டு மாதக் குழந்தையையும் வெளியே தள்ளிவிடும், அம்மாவிடம் கேட்டு மாதத்தைக் கணக்கிடுவதே மேல்.

அச்சுத் தரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் நன்றாக மாட்டியிருக்கிறேன். ஒரு தடவை டேப் தீர்ந்துபோய், அவசரத்துக்கு உள்ளூர் அச்சகத்தில் ஒரு கட்டு அடித்து வாங்கினோம். பார்க்க அசலைவிட அழகு. இரண்டு வாரம் கழித்து, திடீரென்று சிவப்புக் குழந்தைகள் குறைந்துவிட்டார்களே என்று சந்தேகம் வந்து, இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தால், 115 என்று போட்டிருந்த இடம் நிஜத்தில் 112. தாளின் அளவுக்குப் பொருந்தட்டும் என்று கம்ப்யூட்டர் தானாகவே கொஞ்சம் சுருக்கி அச்சடித்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நிஜமாக 113 உள்ள குழந்தை அந்த டேப்பில் 116 ஆகி மஞ்சளில் போய் உட்கார்ந்திருக்கிறது. பதிவேட்டை எடுத்து, மஞ்சள் என்று எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்ப நடந்தோம். அதனால் எந்தக் கட்டு வந்தாலும் முதல் டேப்பை இரும்பு ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். ஜெராக்ஸ் டேப் வேண்டவே வேண்டாம். தையல்காரர் டேப்பும் வேண்டாம், நாள்பட நீளும்.

இன்னொன்று டேப்பின் குற்றம் இல்லை, நம்முடையது. பதிவேட்டைப் புரட்டினால் 120, 125, 130 என்று வரிசையாக இருக்கும், 117-உம் 123-உம் அபூர்வமாகத் தென்படும். குழந்தைகளின் கை ஐந்தின் மடங்கில் வளர்வதில்லை, நாம்தான் அப்படிப் படிக்கிறோம். 114-ஐ 115 என்று எழுதுகிற அந்தப் பெருந்தன்மைதான் ஆபத்து. மேற்பார்வைக்கு வருபவர்கள் முதலில் கடைசி இலக்கத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். சென்டிமீட்டரில் 11.4 என்று எழுதுவதைவிட மில்லிமீட்டரில் 114 என்று எழுதினால் இந்த நோய் கொஞ்சம் குறைகிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை நல்ல பொருள்தான். வியர்வை தாங்கும், மடித்துப் பையில் போடலாம். கைகழுவும் ஸ்பிரிட் பட்டால் சில டேப்பில் மை கரையும். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். ஜன்னல் இருக்கும் இடம் மடிந்து மடிந்து வெளுத்துப் போனால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். எண் இல்லாமல் நிறம் மட்டும் உள்ள வகையும் உண்டு. வீட்டுக்கு அது போதும், பதிவு எழுதும் இடத்துக்குப் போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஆட்கள் நம் குழுவிலேயே இருப்பார்கள், சொல்லவும் மாட்டார்கள். அவர்களுக்கு எண்தான் துணை.

வீட்டுக்கு என்று சொன்னேனே, அதுதான் இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நைஜர் நாட்டில் அம்மாக்களுக்கே டேப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள், கொஞ்சநேரம் சொல்லிக்கொடுத்ததிலேயே சுகாதாரப் பணியாளர்கள் அளவுக்கு அவர்களும் சரியாகப் பிரித்தார்கள். எந்தக் கை, நடுப்புள்ளியை எலும்பு பார்த்துக் குறித்தார்களா கண்ணால் மதித்தார்களா என்பதில் முடிவு பெரிதாக மாறவில்லை. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. நான் அந்தக் குழந்தையை மாதம் ஒரு முறை, இரண்டு நிமிடம் பார்க்கிறேன். அம்மா தினமும் குளிப்பாட்டுகிறாள், அந்தக் கை இளைப்பதை அவளுடைய கை முதலில் உணர்கிறது, அதற்கு ஓர் எண் மட்டும்தான் குறைவாக இருந்தது. 2007-க்குப் பிறகு, சிக்கல் இல்லாத கடும் குறைபாட்டை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாம் என்று ஐநா அமைப்புகள் சேர்ந்து அறிவித்ததிலிருந்து, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் விஷயம். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இறங்கிய வாரத்திலேயே வந்த குழந்தைக்கும், ஒரு மாதம் கழித்துக் காய்ச்சலோடு தூக்கி வரப்படும் குழந்தைக்கும் பாதை வேறு. 2022 கணக்கில் உலகத்தில் ஐந்து வயதுக்குக் கீழே மெலிந்த குழந்தைகள் சுமார் 4.5 கோடி, அதில் கடுமையாக மெலிந்தவர்கள் 1.3 கோடிக்கு மேல். இத்தனை குழந்தைகளையும் பலகையில் படுக்கவைத்து அளந்து தீர்க்க எந்த ஊரிலும் நர்ஸ்கள் கிடையாது.

சிவப்பு வந்தால் பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். அன்றே சுகாதார நிலையம். அங்கே பாதம் பார்ப்பார்கள், காய்ச்சல், மூச்சு, வாந்தி, சோர்வு பார்ப்பார்கள், அப்புறம் சிகிச்சைக்கான பசை உணவைக் கொஞ்சம் கொடுத்து ஆசையாகச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பசிச் சோதனை கேட்க விளையாட்டாக இருக்கும். உள்ளே தொற்று முற்றிய குழந்தை வெளியே அமைதியாக இருந்துகொண்டு உணவை மட்டும் மறுக்கும், அதைக் காட்டிக்கொடுப்பது இதுதான். சாப்பிட்டால், வேறு ஆபத்தும் இல்லையென்றால் வீட்டுச் சிகிச்சை, இல்லையென்றால் சேர்க்கை. டேப்பில் மாட்டி உள்ளே வந்த குழந்தையை டேப்பாலேயே வெளியே அனுப்புவார்கள்: 125-ஐத் தொட்டு, வீக்கம் இல்லாமல், இரண்டு வாரம் நின்றால்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரை மதிப்பெண் குறைத்தது கால் வீக்கத்துக்காக. அது டேப் தீர்க்கக்கூடிய குறை இல்லை என்று தெரியும், இருந்தாலும் அந்தப் பையனின் பச்சையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்குவதற்கு முன், உங்கள் அலமாரியில் ஏற்கெனவே டேப் கிடந்தால் அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். சிவப்பு எங்கே முடிகிறது? 2009-இல்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கோட்டை 110-இலிருந்து 115-க்கு உயர்த்தின. போன மாதம் ஓர் இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது 110-இல் சிவப்பு முடிகிற பழைய டேப் ஒன்று, ரப்பர் பேண்ட் போட்டு, புத்தம் புதுசாகக் கிடைத்தது. முழுக்கைச் சட்டைக்குள் 112 காட்டிய அந்தப் பெண் குழந்தை இந்த டேப்பில் மஞ்சள். கத்தரிக்கோல் எடுத்து நடுவில் வெட்டிக் குப்பையில் போட்டேன்.